பனி சரிந்தது உன் ராசியால் அல்ல

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீ சுகமா என்று தொடங்கும் வழமையான இரண்டு வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். கோபம் உன்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய, மிச்சம் முழுக்க முந்தாநாள் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தவர்கள்மேல். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் உன்னோடு பேசத் தொடங்கினால் உன் அம்மா ஒரு பக்கம், பக்கத்து வீடு மற்றப் பக்கம் என்று முகத்தை நீட்டுகிறார்கள், பாதியில் லைன் வேறு அறுந்துவிடும். கடிதத்துக்குள் புகுந்து யாரும் குறுக்கே பேச முடியாது. ஆறுதலாக இருந்து வாசி.

வந்தவர் உன் வருங்கால மாமியாரின் தமக்கை, மாப்பிள்ளையின் பெரியம்மா. வேலணையில் இருப்பவர், உனக்கும் தெரியும். கூட இரண்டு பேர். தேத்தண்ணீர் முடியும்வரை மழையையும் வெங்காயத்தையும் பற்றிக் கதைத்தார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். ஆவணியில் கலியாணம் என்று நாள் குறித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பிள்ளை போன இடத்தில் மலை சரிந்து ஒரு பெட்டை புதைந்து கிடந்திருக்கிறாள், இது நல்ல சகுனமாகத் தெரியவில்லை என்றார். பிள்ளையின் ராசியில் ஏதோ இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டு காரியம் செய்தால் அவர்கள் மனம் ஆறுமாம். உன் பேரில் ஒரு சாந்தி செய்ய வேண்டும். இனிமேல் நீ பனிமலைப் பக்கம் போக மாட்டாய் என்று தகப்பன் என்ற முறையில் நான் வாக்குக் கொடுக்க வேண்டும். நீ ஏற்கனவே ஓம் என்று சம்மதித்துவிட்டாயாம், சறுக்குப் பலகைகளைக் கட்டி நிலவறையில் போட்டுவிட்டாயாம். என் வாக்கு மட்டும்தான் பாக்கி.

நான் என்ன சொன்னேன் என்பது பிறகு. அதற்கு முன்னர் உனக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நீ முதன்முதல் மலையில் நின்ற படத்தை அனுப்பியபோது உன்னை மறித்தவன் நான்தான், மறக்கவில்லை. எங்கள் தீவில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். இந்தத் தட்டை நிலத்தில் பிறந்த பெண், கம்பியில் ஓடும் வண்டியும் இல்லாத, காவலுக்கு ஆளும் இல்லாத மலையில் பலகையைக் காலில் பூட்டிக்கொண்டு ஏறி, அதிலேயே சறுக்கி இறங்குகிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்குப் பொறுக்கும்? ஒரு கிழமை உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ கெஞ்சவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையில் நின்றபடியே வீடியோவில் கூப்பிட்டாய். பனியை இடுப்பளவுக்கு வெட்டிக் குழி தோண்டி வைத்திருந்தாய். உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் வாருங்கள் என்று, கிணறு வெட்டுகிறவன் மண்ணைக் காட்டுவதுபோலக் காட்டினாய்.

அன்றைக்கு நீ சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறை பனி விழும்போதும் ஒரு படை சேருகிறது. குளிர்மாரி தொடக்கத்தில் கொஞ்சமாக விழுந்து, பிறகு நாள்கணக்கில் வெளித்த வானமும் கடுங்குளிருமாகக் கிடந்தால், அந்த அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாமல் சீனிபோல மணிமணியாகிவிடும். அதற்கு மேலே புதுப்பனி விழ, காற்று அதை அள்ளி ஒரு பக்கத்துச் சரிவில் குவித்து இறுக்கிவிடும். மேலே பலகைபோல இறுகிய பனி, கீழே சீனி. சரிவு முப்பது பாகைக்கு மேலே என்றால் அந்தப் பலகை விட்டுவருவதற்கு ஒரு ஆளின் பாரம் போதும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, குழிச் சுவரில் ஒரு தூணை அறுத்துப் பிரித்து, பனி அள்ளும் சவலின் தகட்டை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டால் பத்துத் தட்டு, முழங்கையால் பத்து, தோளால் பத்து என்று தட்டினாய். எத்தனையாவது தட்டில், எந்தப் படையில் விடுகிறது, விட்ட முகம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாய். அன்று தூண் முப்பது தட்டுக்கும் அசையவில்லை. நீ சிரித்துக்கொண்டு சறுக்கிப் போனாய்.

அதற்குப் பிறகு நான் மறித்ததில்லை. விடியத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, நீ போனில் போட்டுத் தந்த அந்தப் பனிச்சரிவு ஆபத்துப் படத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மஞ்சள் என்றால் ஆபத்து இரண்டு, செம்மஞ்சள் மூன்று, சிவப்பு நாலு. புளியங்கூடலில் இருந்துகொண்டு, அல்ப்ஸ் மலையில் எந்தப் பக்கத்துச் சரிவில் காற்று பனியைக் குவித்திருக்கிறது என்று பார்க்கிற கமக்காரன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை செம்மஞ்சள். மூன்றுதான் பொல்லாதது, நாலென்றால் எல்லாரும் வீட்டில் இருந்துவிடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆறு பேர் போனீர்கள். காலையில் குழி வெட்டித் தட்டியது நீ. மணிக்கட்டுத் தட்டுப் பத்தையும் தூண் தாங்கியது. முழங்கையால் நாலாவது தட்டுக்கு, மேசை லாச்சியை இழுத்ததுபோல, வழுவழுவென்று வெளியே வந்தது. உங்களுக்கு முன்னால் போனவர் இருபது மாரியாக அந்த மலைகளில் நடப்பவர். ஒரு குழியை வைத்து முழு மலைக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நேற்றுப் போனவர்களின் தடம் அதே சரிவில் கிடக்கிறது, அது தாங்கியிருக்கிறதே என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நீயும் ஆட்டினாய். ஏறிக்கொண்டு போகையில் காலடியில் பனி தொம் என்று அமுங்கிய, உள்ளே படை உடைகிற சத்தமும் கேட்டது. பிறகு இறங்கும்போது மூன்றாவதாகப் போனவள் உன் தோழி அன்னா. அவளுக்கு மேலே பனி குறுக்காக வெடித்து, முழுச் சரிவும் அவளோடு போனது.

அவள் உடம்பில் கட்டியிருந்த கருவியின் ஒலியைத் தேடிப் பிடித்தது நீ. நீட்டுக் கம்பியால் குத்தி அவள் கிடந்த இடத்தைக் கண்டதும் நீ. ஐந்து பேரும் சேர்ந்து தோண்டி, இடுப்பெலும்பு முறிவோடு அவளை உயிரோடு எடுத்தீர்கள். பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எனக்குப் போன் எடுத்தாய். உன்னால்தானே அவள் பிழைத்தாள் என்று நான் எல்லாரும் சொல்வதையே சொன்னேன். அதற்கு நீ சொன்னது இது:

"அப்பா, அந்தச் சத்தத்தை நான் கேட்டனான். நான் ஒருத்திதான் அதுக்குள்ளை எங்கடை தமிழ் ஆள். திரும்புவம் எண்டு சொன்னா, இவள் பயந்திட்டாள் எண்டு நினைப்பினம் எண்டு சொல்லேல்லை."

இதை நான் உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. ஏனென்றால் உனக்கு நேர்ந்தது எனக்குப் புதிய கதை இல்லை. எனக்கும் அதேதான் நடந்தது. அதை நான் உனக்குச் சொல்லாமல் மறைத்தேன்.

உன் சித்தப்பாவின் இடது காலுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் நீ என்ன சொல்லுவாய்? ஷெல் துண்டு பட்டது என்பாய். பள்ளிக்கூடத்தில் அதைப்பற்றிக் கட்டுரைகூட எழுதிப் பரிசு வாங்கினாய். நான் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். அந்தக் காலில் எந்த ஷெல்லும் படவில்லை, மகள். அது நான் முறித்த கால்.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து நாங்கள் குடியேறி இரண்டு மூன்று வருடம் இருக்கும். உனக்கு ஐந்து வயது. தம்பிக்கு ஒரு இடத்தில் பெண் பேசி, சாதகமும் பொருந்தி, வெற்றிலைத் தட்டத்தோடு போய்ச் சம்மதம் சொல்ல நாள் பார்த்திருந்தது. பெண்வீடு தரவைக்கு அந்தப் பக்கம். மாரியில் கடல் ஏறி நிற்கும், கோடையில் காய்ந்து வெடிக்கும் அந்த உவர்வெளியை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது பங்குனி, ஆனால் இரண்டு நாள் முன்னர் காலம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது. பிறகு எறித்த வெயிலில் மேலே பொருக்குக் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. அதற்குக் கீழே கூழ்போலச் சேறு இருக்கும் என்று இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். மழைக்குப் பிறகு தரவைக்குள் வண்டி இறக்குவதென்றால் ஒருவர் இறங்கிக் கம்பால் குத்திக் குத்தி முன்னே நடப்பார், வண்டி பின்னால் போகும். கம்பு ஒரு சாணுக்கு மேலே இறங்கினால் திரும்பிவிட வேண்டும். அதற்கென்றே எங்கள் லான்ட்மாஸ்டரின், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின், பெட்டிக்குள் ஒரு பூவரசங்கம்பு எப்போதும் கிடக்கும்.

அன்றைக்கு நான் இறங்கவில்லை. பெட்டிக்குள் பட்டு வேட்டியோடு தம்பி, இரண்டு மாமாமார், மடியில் தட்டம். நல்ல நேரம் பத்து மணியோடு முடிகிறது, றோட்டால் சுற்றினால் பிந்திவிடும். காலையில் யாரோ ஒரு பெரிய உழவு இயந்திரத்தில் போன தடம் குறுக்கே கிடந்தது. அவ்வளவு பாரமே போயிருக்கிறது, நாங்கள் போக மாட்டோமா என்று நினைத்தேன். அந்தப் பாரம் பொருக்கை உடைத்துவிட்டுப் போயிருக்கும் என்று நினைக்கவில்லை. கால்வாசித் தூரத்தில் கைபிடியில் ஒரு இழுவை தெரிந்தது, சில்லு கனத்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டவர்கள் பாதி வழியில் திரும்பக் கூடாது, அதைவிடக் கெட்ட சகுனம் வேறில்லை என்று கேட்டு வளர்ந்தவன் நான். மாமாமாருக்கு முன்னால் சேற்றில் இறங்கிக் கம்பு குத்திக்கொண்டு நிற்பதற்கும் வெட்கமாக இருந்தது. முறுக்கினேன். நடுத் தரவையில் பொருக்கு விட்டது. இடப்பக்கச் சில்லு அச்சுவரை இறங்க, பெட்டி புரண்டது. மாமாமார் சேற்றில் விழுந்து எழும்பினார்கள். தம்பியின் முழங்கால் இழுவைச் சட்டத்துக்குள் அகப்பட்டது. அவனை வெளியே எடுக்க எங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது, அவன் கத்தியது மட்டும் தெரியும்.

சம்மதம் குழம்பியது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? அந்தப் பெட்டைக்கு ராசியில்லை, கேட்டுப் போன வழியிலேயே மாப்பிள்ளையின் காலை எடுத்துவிட்டாள் என்றது. அவள் அந்த நேரம் தன் வீட்டில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்திருப்பாள். நான் இறங்கிக் கம்பு குத்தவில்லை, பிழை என்னுடையது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளை இந்தத் தீவில் ஒருவரும் கேட்டுப் போகவில்லை, அவள் வீட்டார் வன்னிக்குப் போய்விட்டார்கள். தம்பிக்கு வெளியூரில் மறுபடியும் பேசத் தொடங்கியபோது, பெண் கேட்கப் போய் முறிந்த கால் என்றால் யார் தருவார்கள் என்று, ஷெல் என்றோம். தெரிந்த ஊராரும் ஒரு கலியாணத்தைக் கெடுப்பானேன் என்று அதையே சொன்னார்கள். ஷெல் பட்ட காலைப் பற்றி இங்கே யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. எத்தனையோ வீடுகளில் உண்மையாகவே இழந்தவர்கள் இருக்கும் ஊரில், அவர்களுடைய துயரத்துக்குப் பின்னால் என் பிழையைக் கொண்டுபோய் ஒளித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

இனி விறாந்தைக்கு வருகிறேன். பெரியம்மா உன் பேரோடு ராசி என்ற சொல்லைச் சேர்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. இன்னொருவர் பெற்ற பிள்ளையின் தலையில் விழும்போது நான் பார்த்துக்கொண்டிருந்த சொல், இப்போது என் பிள்ளையின் தலைக்கு வருகிறது. தம்பி பக்கத்தில்தான் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். நான் எழும்பி நின்றேன்.

"அக்கா, சாந்தியும் இல்லை, வாக்கும் இல்லை. பனி சரிஞ்சது என்ரை பிள்ளையின்ரை ராசியாலை இல்லை. கீழை கிடந்த பனி ஒட்டேல்லை, அதாலை. இந்த வீட்டிலை அந்தச் சொல்லை இனி ஒருத்தரும் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு, தரவைக் கதையை முதலிலிருந்து கடைசிவரை எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். கலியாணம் குழம்பினால் குழம்பட்டும் என்றுதான் சொன்னேன், உன்னிடம் கேட்காமல் அப்படி நினைத்ததற்கு நீ என்னை ஏசலாம். கூட வந்த இரண்டு பேரும் வாசல் படலையைப் பார்த்தார்கள். உன் அம்மா குசினி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி எழும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணை, அண்டைக்கு அந்தக் கம்பு என்ரை கையிலைதான் இருந்தது. பெட்டிக்கு வெளியாலை ஒருக்காக் குத்திப் பாத்தனான். அரைக்கம்பு உள்ளுக்கை போயிட்டுது. சொன்னா, பொம்பிளை வீட்டை போக மாப்பிள்ளைக்குப் பயம் எண்டு சிரிப்பியள் எண்டு பேசாமல் இருந்தனான்."

மகள், இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே வளவுக்குள் இருக்கிறோம். ஒரு கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறோம். அவன் நொண்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்தேன், நான் குனிவதைப் பார்த்து அவன் குனிந்திருக்கிறான். நான் அழுதேன். வந்தவர்கள் பார்க்க, கதிரையில் இருந்து சின்னப்பிள்ளைபோல அழுதேன்.

பெரியம்மா போகும்போது யோசித்துச் சொல்லுகிறோம் என்றார். நன்றாக யோசிக்கட்டும். உன் சித்தி இரண்டு நாளாக எங்கள் இரண்டு பேரோடும் கதைக்கிறாள் இல்லை, பொய் சொல்லிக் கலியாணம் கட்டியவர்களோடு கதைக்காமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. நேற்று உன் மாப்பிள்ளை போன் எடுத்தார். நடந்தது அவர் காதுக்கும் போய்விட்டது. அவ மலைக்குப் போகட்டும் மாமா, நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஆனால் கீழே நிற்பதென்றாலும் சரிவுக்கு நேர்கீழே நிற்கக் கூடாது, இறங்குகிற பனி தட்டை நிலத்திலும் கனதூரம் ஓடும் என்று நான் அவருக்குப் படிப்பிக்க வேண்டியிருந்தது.

இப்போது உனக்கு. நீ கொடுத்த ஓமைத் திருப்பி எடு. மலை இனி வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் விடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் ராசி என்று யாரோ சொன்னதற்காகத் தலையைக் குனிந்து விடாதே. அதற்குள் ஒளிந்துகொள்வது சுகமாகத்தான் இருக்கும், ஷெல்லுக்குப் பின்னால் எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கேட்டேன், சொல்லவில்லை என்று அன்னாவிடம் நீயே போய்ச் சொல்லு. அவள் கட்டிலை விட்டு எழும்புவதற்கு முன்னர் சொல்லு. அவள் உன்னை வெறுத்தால் வெறுக்கட்டும், பிறகு பார்ப்போம். நானும் தம்பியும் சித்திரை கழிய வன்னிக்குப் போகப் போகிறோம். அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அவளைச் சேர்ந்தவர்கள் முன்னால், பிழை எங்களுடையது என்று சொல்லப் போகிறோம். வாசலிலேயே துரத்தினால், வாசலில் நின்று சொல்லுவோம்.

மலைக்குப் போவதென்றால், வெளிக்கிட முன்னரே பேசி வையுங்கள், ஆறு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ஆறு பேரும் திரும்புவது என்று. அதற்குச் சம்மதிக்காதவர்களோடு போகாதே. முன்னால் போகிறவரிடம் இருபது மாரி இருக்கட்டும், அன்றைக்கு உன்னிடம் பதினாலு தட்டு இருந்தது. உன் கையால் தட்டி உன் கண்ணால் பார்த்தது அது. தடம் கிடக்கிறது என்பார்கள், நேரம் போகிறது என்பார்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பார்கள். பயந்தவள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், மகள். ஊர் முழுக்கவும், அந்த நாடு முழுக்கவும் நினைக்கட்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் வரவில்லை என்று சொல்லுகிற பிள்ளையைப் பெற்றேன் என்று நான் நிமிர்ந்து நடப்பேன்.

உச்சியில் நின்று நீ அனுப்பிய படங்கள் அம்மாவின் போனில் நிறைய இருக்கின்றன, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். எனக்கு வேறொரு படம் வேண்டும். ஏதோ ஒரு சரிவின் அடியில், தூண் விட்டுவந்த இடத்தில், மேலே போகாமல் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு நீ நிற்கிற படம். அதைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு, விறாந்தைச் சுவரில், பெரியம்மா இருந்த கதிரைக்கு நேரே மாட்டுவேன். இது எந்த மலையின் உச்சி என்று கேட்கிறவர்களுக்கு, இது உச்சியில்லை, என் மகள் திரும்பிய இடம் என்று சொல்லுவேன்.

அன்று தரவையில் திரும்பாத,
உன் அப்பா